கேஸ் மாத்திரையும் இரைப்பைக் கிருமியும்: மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

தாராவியோ செம்பூரோ மாட்டுங்காவோ, மும்பையில் தமிழர் வீடுகளில் வயிற்றுத் தொல்லைக்கு இரண்டே பெயர்கள்தான். ஒன்று கேஸ், இன்னொன்று அல்சர். இரண்டுக்கும் கைவசம் இருக்கும் மருந்தும் ஒன்றே: காலையில் வெறும் வயிற்றில் ஒரு பான்டோபிரசோல், அதாவது இரைப்பை அமிலத்தை அடக்கும் கேஸ் மாத்திரை. மெடிக்கலில் சீட்டு இல்லாமலே பட்டையாகக் கிடைக்கும். அந்த மாத்திரையைப் பல மாதம் போட்டபிறகு பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் எண்டோஸ்கோப்பி அறையிலும் லேபிலும் திரும்பத் திரும்ப நடக்கும் பேச்சு இது:

“சார், ரிப்போர்ட்ல கிருமி இல்லைன்னு போட்டிருக்கே. அப்புறம் ஏன் இப்படி எரியுது?”

“கேஸ் மாத்திரைய என்னைக்கும்மா நிறுத்தினீங்க?”

“நிறுத்தலையே. இன்னைக்குக் காலையிலகூடப் போட்டுட்டுத்தான் வந்தேன். நிறுத்தினா தாங்க முடியாதே.”

அந்த ரிப்போர்ட்டை நம்ப முடியாது. கிருமி உள்ளே இருந்தாலும் இல்லை என்று காட்டியிருக்க வாய்ப்பு நிறைய. ஏன் என்று புரிய, இரைப்பைக்குள் யார் யார் இருக்கிறார்கள், அமிலம் அவர்களை என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

வெறும் வயிற்றில் இரைப்பை நீரின் பிஹெச் 1.5 முதல் 2 வரை. இந்த அமிலத்தில் எதுவும் பிழைக்காது, இரைப்பை கிருமியற்ற இடம் என்றுதான் வெகுகாலம் பாடம் நடந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பைத் துணுக்குகளிலிருந்து ஒரு சுருள் கிருமியை வளர்க்கப் பார்த்தார்கள். வழக்கமாக இரண்டு நாளில் தட்டைப் பார்த்துவிட்டு எறிந்துவிடுவார்கள். ஈஸ்டர் விடுமுறையில் தட்டு ஐந்து நாள் இன்குபேட்டரிலேயே கிடந்துவிட்டது. திறந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அதுதான் ஹெலிகோபேக்டர் பைலோரி. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

பைலோரி மட்டுமல்ல. 2006-இல் 23 பேரின் இரைப்பைத் துணுக்குகளை மரபணு முறையில் ஆராய்ந்தபோது 128 விதமான பாக்டீரியாக்களின் தடயம் கிடைத்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், பிரிவோடெல்லா, வெய்லோனெல்லா, ரோத்தியா போன்றவை. பலவும் வாயில் இருப்பவையே. நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் எச்சில் விழுங்குகிறோம், அதோடு இவையும் இறங்குகின்றன. மரபணுச் சோதனை செத்ததையும் சேர்த்தே எண்ணும் என்பதால், அந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே இரைப்பையில் குடியிருக்கின்றன என்று சொல்லிவிடக் கூடாது. உயிரோடு இருப்பவை எப்போதும் கொஞ்சம்தான். பெருங்குடலில் ஒரு கிராமுக்கு ஆயிரம் கோடிக்கு மேல் இருக்கும், இரைப்பை நீரில் ஒரு மில்லிக்கு சில பத்து முதல் ஆயிரம் வரை. அந்தக் கூட்டத்தை அப்படிச் சிறுக்க வைத்திருப்பது அமிலம்.

பைலோரி மட்டும் எப்படித் தப்பிக்கிறது? அதனிடம் யூரியேஸ் என்ற நொதி ஏராளம். நம் உடலில் எங்கும் இருக்கும் யூரியாவை அது அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. அம்மோனியா கிருமியைச் சுற்றியுள்ள அமிலத்தை முறிக்கிறது. அந்த அவகாசத்தில் வாலை வைத்து நீந்திச் சளிப்படலத்துக்குள் புகுந்துகொள்கிறது. சளியின் அடிப்பக்கம் அமிலம் குறைவு. அங்கே நிலைத்தபின் இரைப்பையில் கிடைக்கும் பாக்டீரிய மரபணுக்களில் பெரும்பங்கு அதனுடையதாகவே ஆகிவிடும், மற்றவற்றின் வகையும் அளவும் சுருங்கும். கிருமியைக் காட்டிக்கொடுக்கும் பரிசோதனைகளில் இரண்டு அந்த யூரியேஸை நம்பித்தான் நடக்கின்றன.

முதலாவது, எண்டோஸ்கோப்பியின்போது செய்யும் யூரியேஸ் சோதனை. சின்னக் குழியில் யூரியாவும் ஃபீனால் ரெட் சாயமும் கலந்த மஞ்சள் ஜெல் இருக்கும். இரைப்பையிலிருந்து எடுத்த அரிசிக் குருணை அளவுத் துணுக்கை அதற்குள் அமுக்கி வைக்கிறோம். கிருமி இருந்தால் துணுக்கைச் சுற்றி முதலில் ஆரஞ்சு நிற வளையம் கட்டும், பிறகு குழி முழுவதும் ரோஜா நிறமாகப் பரவும். கிருமி நிறைய இருந்தால் சில நிமிடங்களிலேயே மாறும். குறைவாக இருந்தால் மணிக்கணக்கில் ஆகும், ஏசி அறையின் குளிரில் இன்னும் தாமதமாகும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் சில. ஒரே இடுக்கியால் முதலில் பயாப்சித் துணுக்கை ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டு, அடுத்து யூரியேஸ் குழிக்குத் துணுக்கு எடுத்தால், இடுக்கியில் ஒட்டிய ஃபார்மலின் நொதியைக் கெடுத்துவிடும். அதனால் யூரியேஸ் குழிக்குத்தான் முதல் துணுக்கு. புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது எடுத்தாலும் பொய்யாக ‘இல்லை’ என்று வரலாம், அதைப் பிறகு மறுபடி பார்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துவிட்டு நிறம் மாறியதைப் பார்த்து ‘இருக்கிறது’ என்று எழுதுவது எதிர்ப்பக்கத் தவறு. புரோட்டியஸ், கிளெப்சியெல்லா, சில ஸ்டேஃபைலோகாக்கஸ் வகைகளுக்கும் யூரியேஸ் உண்டு. நல்ல அமிலம் உள்ள இரைப்பையில் அவை தங்காது. வருடக்கணக்கில் கேஸ் மாத்திரை போட்டவரின் இரைப்பையில் தங்கும், மெதுவாக நிறத்தை மாற்றும். அதாவது ஒரே மாத்திரை உண்மையான கிருமியை ஒளித்தும் வைக்கும், மற்றவற்றை அதன் பெயரில் காட்டவும் செய்யும்.

ஒளித்து வைப்பது எப்படி? வழக்கமாகப் பைலோரி இரைப்பையின் கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்தில் அதிகம் இருக்கும். அமிலம் குறைந்தால் அங்கே எண்ணிக்கை சரிந்து, மேலே இரைப்பையின் உடல் பகுதிக்குக் குடி மாறும். ஆன்ட்ரத்தில் மட்டும் துணுக்கு எடுத்தால் ஏமாந்துபோவோம். மாத்திரையை நிறுத்த முடியாத நோயாளி என்றால் இரண்டு இடத்திலிருந்தும் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அது நியாயமான கேள்வி, டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது, ஊதும் சோதனை. கார்பன்-13 அல்லது கார்பன்-14 சேர்த்த யூரியாவைக் கொடுத்து, பத்து முதல் முப்பது நிமிடம் கழித்து ஊதச் சொல்வார்கள். கிருமி யூரியாவை உடைத்தால் அந்தக் கார்பன் மூச்சில் வந்துவிடும். போவதற்கு முன் ஆறு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் இருங்கள். கேப்சூலாகக் கொடுத்தால் கடிக்காமல் முழுங்குங்கள், வாயிலேயே கரையவிட்டால் பல்லிடுக்கில் இருக்கும் பாக்டீரியாக்களின் யூரியேஸும் அதை உடைத்துக் கணக்கைக் கெடுக்கும். கார்பன்-14-இல் கதிரியக்கம் மிகமிகக் குறைவு என்றாலும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தருவதில்லை.

மூன்றாவதான, மலத்தில் கிருமியின் தடயத்தைத் தேடும் ஆன்டிஜென் சோதனை இந்த ஊரில் பலருக்கு வசதியானது, செலவும் குறைவு. பட்டாணி அளவு போதும். அன்றே கொடுங்கள், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மும்பை வெயிலில் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு லோக்கல் ரயிலில் அலைய வேண்டாம். வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் கொடுத்தால் கிருமியின் தடயம் நீர்த்துப்போய்த் தப்பும்.

கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியை ரத்தத்தில் பார்க்கும் சோதனையை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. கிருமி போனபின்னும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் பாசிடிவ் என்றே காட்டும். குணமானவருக்கு அதைப் பார்த்து இரண்டாம் முறை ஆன்டிபயாடிக் கொடுத்த கதைகள் உண்டு.

மேலே சொன்ன யூரியேஸ், ஊதும், மலச் சோதனைகளுக்கு நாள்கணக்கு ஒன்றுதான்: பான்டோபிரசோல், ஒமிப்ரசோல், ரேபிபிரசோல் வகை மாத்திரைகளைச் சோதனைக்கு முன் 2 வாரம் நிறுத்த வேண்டும். எந்த ஆன்டிபயாடிக்கும், பிஸ்மத் என்ற வயிற்று மருந்தும் 4 வாரம். இடைப்பட்ட நாளில் எரிச்சல் தாங்காவிட்டால் ஜெல் மாதிரி ஆன்டாசிட் குடிக்கலாம், அது சோதனையைக் கெடுக்காது. ரத்தக்கசிவு ஏற்பட்டவரோ, இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறவரோ டாக்டரைக் கேட்காமல் கேஸ் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி உண்டு. அப்படியானால் எல்லோருக்கும் மருந்தா? கிருமி உள்ளவர்களில் வாழ்நாளில் புண் வருவது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, இரைப்பைப் புற்றுநோய் நூற்றில் ஒருவர் முதல் மூவர் வரை. மார்ட்டின் பிளேசர் போன்ற ஆய்வாளர்கள் இதை மனிதரோடு பல்லாயிரம் ஆண்டாகக் கூடவே வந்த கிருமி என்று சொல்லி, கண்டமேனிக்கு அழிக்க வேண்டாம் என்று வாதிட்டார்கள். அந்த வாதத்தில் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் புண் வந்தவர், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்க்கோ இரைப்பைப் புற்றுநோய் இருந்தவர், வெகுகாலம் ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ போட வேண்டியவர், காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர், இவர்கள் தயங்கவே கூடாது. எடை குறைதல், கறுத்த மலம், விழுங்கும்போது சிக்குதல், தொடர் வாந்தி இருந்தால் ஊதும் சோதனையோடு நிற்காமல் எண்டோஸ்கோப்பியே செய்துகொள்ள வேண்டும்.

வருடக்கணக்கில் கேஸ் மாத்திரை போடுகிறவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. கிருமி உள்ளே இருக்கும்போது அமிலத்தை மட்டும் அடக்கினால், அழற்சி ஆன்ட்ரத்திலிருந்து அமிலம் சுரக்கும் மேல்பகுதிக்குப் பரவும். அந்தச் சுரப்பிகள் நாளடைவில் தேய்ந்தால் அமிலம் நிரந்தரமாகக் குறையும். அப்போதுதான் வாய்ப் பாக்டீரியாக்கள் இரைப்பையில் நிஜமாகவே குடியேறுகின்றன. அவற்றில் சில நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதிலிருந்து புற்றுநோயைத் தூண்டும் நைட்ரோசோ சேர்மங்கள் உண்டாகலாம். புற்றுநோய்க்கு எளிதில் ஆளாகும் எலி வகையில் நடந்த சோதனைகளில், பைலோரி மட்டும் இருந்த எலிகளைவிட அதோடு மற்றப் பாக்டீரியாக்களும் இருந்த எலிகளுக்கு வேகமாகப் புற்று வளர்ந்தது. பைலோரி ஆரம்பித்து வைத்ததை மற்றவை தொடர்கின்றன. அதனால் நீண்டநாள் கேஸ் மாத்திரை என்று முடிவு செய்யும் முன்பே கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், போட ஆரம்பித்தபிறகு அல்ல.

மருந்து விஷயம். எது, எவ்வளவு என்று முடிவு செய்வது டாக்டர். அதைச் சாப்பிடும் விதத்தில்தான் வீட்டில் கோட்டை விடுகிறோம். டாக்டரிடம் போகும்போது கடந்த சில வருடங்களில் போட்ட ஆன்டிபயாடிக்குகளின் பெயர்களை எழுதிக் கொண்டுபோங்கள். தொண்டை வலிக்கு அசித்ரோமைசின் அடிக்கடி போட்டவரின் பைலோரிக்குக் கிளாரித்ரோமைசின் கேட்காமல் போகலாம், இரண்டும் ஒரே குடும்பம். பேதிக்கு மெட்ரோனிடசோலைக் கடைக்காரரிடமே வாங்கிப் போடும் வழக்கத்தால் நம் நாட்டுக் கிருமிகளில் அதற்கு எதிர்ப்பு ஏற்கெனவே அதிகம்.

பழைய மூன்று மருந்து முறை என்பது அமிலம் அடக்கும் மாத்திரை, கிளாரித்ரோமைசின் 500 மி.கி., அமாக்சிசிலின் 1 கிராம், மூன்றும் காலை மாலை, 14 நாள். எதிர்ப்பு பெருகியதால் இப்போது பல வழிகாட்டிகள் பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து முறையை முதலில் வைக்கின்றன: அமிலம் அடக்கும் மாத்திரை இரண்டு வேளை, பிஸ்மத் 120 மி.கி., டெட்ராசைக்ளின் 500 மி.கி. நான்கு வேளை, மெட்ரோனிடசோல் மூன்று அல்லது நான்கு வேளை. நாளைக்குப் பதின்மூன்று, பதினான்கு மாத்திரைகள். எட்டு மணி லோக்கலைப் பிடிக்கிறவர் இதை மனதில் வைத்துச் சமாளிக்க முடியாது, காலண்டரில் எழுதி ஒட்டுங்கள்.

காலை 6:30-க்கு அமிலம் அடக்கும் மாத்திரை, அரை மணி கழித்து டிபன், டிபன் முடிந்ததும் மற்ற மூன்றும். மதியம் ஆபீஸில் சாப்பிட்டதும் ஒரு சுற்று. மாலை பலகாரத்துக்குப் பின் ஒரு சுற்று. இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் மறுபடி அமிலம் அடக்கும் மாத்திரை, சாப்பிட்டபின் கடைசிச் சுற்று. அதை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட்டு அரை மணியாவது உட்கார்ந்திருங்கள். டெட்ராசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புதிதாகப் புண் வைக்கும்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மதியச் சாப்பாடு தயிர்சாதத்தில்தான் முடியும். தயிர், பால், பால் டீ, கால்சியம், இரும்பு மாத்திரை எல்லாம் டெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொண்டு உடலில் சேர விடாது. அந்த இரண்டு வாரம் மதியம் ரசத்தோடு நிறுத்திவிட்டு, மோரை மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். டெட்ராசைக்ளின் கிடைக்கவில்லை என்று கடைக்காரர் டாக்ஸிசைக்ளின் எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள், இந்தக் கிருமியிடம் அது அவ்வளவாக எடுபடுவதில்லை. டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள்.

மூன்றாம் நாள் வாக்கில் வாயில் இரும்புச் சுவை வரும். நாக்கும் மலமும் கறுக்கும், அது பிஸ்மத்தால். பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ரத்தக்கசிவால் கறுத்த மலம் தார் மாதிரி பிசுபிசுக்கும், நாற்றம் தனியாகத் தெரியும், தலைசுற்றலும் கூடவே வரலாம். அப்படியென்றால் உடனே ஆஸ்பத்திரி. மெட்ரோனிடசோல் முடிந்து மூன்று நாள் வரை மது கூடாது. கிளாரித்ரோமைசின் கொடுத்திருந்தால், கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு வாரம் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களும் அடிபடும், வயிறு கடமுடவென்று இருக்கும். சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற ஈஸ்ட் பாக்கெட் பேதியைக் குறைக்க உதவும். ஈஸ்ட் என்பதால் பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு மட்டும் அது வேண்டாம். குடல் கூட்டம் சில மாதங்களில், சிலருக்கு ஒரு வருடத்தில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். பைலோரி போனபின் இரைப்பையிலும் மற்றப் பாக்டீரியாக்களின் வகை கூடும். பழையசோறும் மோரும் நல்ல உணவுதான், தாராளமாகச் சாப்பிடலாம். அவை பைலோரியைக் கொல்லும் என்று வரும் வாட்ஸாப் செய்தியை நம்பி மருந்தை விட்டுவிடாதீர்கள். இட்லி மாவிலும் நல்ல கிருமி உண்டு, ஆவியில் வெந்ததும் செத்துவிடும்.

மழைக்காலம் வந்தால் வேறொரு கவலை. மும்பையில் பல பகுதிகளில் குழாய்த் தண்ணீர் நாளில் சில மணி நேரம்தான். தண்ணீர் நின்றபின் குழாயில் அழுத்தம் இறங்கும்போது விரிசல் வழியாக வெளியே தேங்கிய சாக்கடை உள்ளே இழுபடும். ஜூலையில் சந்தும் சாக்கடையும் ஒன்றாக நிற்கும்போது இதைச் சொல்லவே வேண்டாம். அந்த நீரில் வரும் கிருமிகளுக்கு முதல் தடுப்பு இரைப்பை அமிலம்தான். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தன்னார்வலர்களுக்குக் காலராக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறுமனே கொடுத்தபோது நோய் வர பத்துக் கோடி அளவில் கிருமி தேவைப்பட்டது. சோடா உப்பு கொடுத்து அமிலத்தை முறித்துவிட்டுக் கொடுத்தபோது பத்தாயிரம் முதல் பத்து லட்சமே போதுமானதாக இருந்தது. பானிபூரி சாப்பிட்டுவிட்டுச் செரிக்கட்டும் என்று சோடா உப்புப் பொடியைக் கரைத்துக் குடிப்பதும் அதே வேலைதான். பொடியின் வேகம் கொஞ்ச நேரத்தில் அடங்கும், கேஸ் மாத்திரையின் வேகம் நாள் முழுவதும் நிற்கும். அந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர் தொற்றுகள் கூடுதலாக வருவது தெரிந்த விஷயம். ஷிகெல்லா மட்டும் அமிலத்தையே பொருட்படுத்தாது, பத்து முதல் நூறு கிருமியே சீதபேதிக்குப் போதும். டிரம்மில் பிடித்த தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்தால் இவை எல்லாமே செத்துவிடும். ஆறியதும் மூடி போட்ட பாத்திரத்தில் ஊற்றி, கைவிட்டு மொள்ளாமல் கரண்டியாலோ குழாயாலோ எடுங்கள்.

பைலோரி பெரும்பாலும் சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. பாட்டி மென்று ஊட்டும் சோறு, ஊதி ஊட்டிவிட்டுத் தானும் சுவைக்கும் அதே ஸ்பூன், கழிவறை போய்வந்து சோப்புப் போடாத கை. ஊட்டுவதற்குத் தனி ஸ்பூன் வைத்தால் போதும், கொஞ்சுவதை நிறுத்தச் சொல்லவில்லை. குழந்தைக்கு வயிற்றுவலி என்றதும் இந்தச் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை, முடிவைக் குழந்தை மருத்துவர் எடுக்கட்டும்.

பதினாலு நாள் மருந்து முடிந்ததும் எரிச்சல் நின்றால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. மருந்து முடிந்த நாளிலிருந்து குறைந்தது 4 வாரம், அதில் கடைசி 2 வாரம் கேஸ் மாத்திரை இல்லாமல், பிறகு ஊதும் சோதனையோ மலச் சோதனையோ. மருந்து தொடங்கும் அன்றே அந்தத் தேதியையும் காலண்டரில் குறித்துவிடுங்கள். இன்னும் இருந்தால் அதே ஆன்டிபயாடிக்கை மறுபடி போடக் கூடாது, வேறு கூட்டு மருந்து தருவார்கள். போய்விட்டது என்று வந்தபின், நீண்டநாள் போட்ட கேஸ் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் சில வாரம் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து எரியும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துப் பலர் மறுபடி பட்டையை எடுப்பது அப்போதுதான். தினம் ஒன்று என்பதை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு இரண்டு நாள் விட்டு என்று குறைத்து, இடையில் எரிந்தால் ஆன்டாசிட் ஜெல் இரண்டு டீஸ்பூன் எடுத்துக்கொள்ளுங்கள்.